இறக்கத்தில் ஏறும் சார்ஜ்

"ஏனம்மணி, வால்பாறையில கெளம்பறப்ப சார்ஜ் பாதிகூட இல்ல. ஆழியாறு வந்து பாத்தா ஏறிக் கெடக்குது. எறங்க எறங்க எப்புடி ஏறும்?"

மாமா இதைக் கேட்டது எங்கள் பட்டறையில் வைத்து. அவருக்கு ஆனைமலையில் தேங்காய், கொப்பரை வியாபாரம். போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு வோல்வோ எக்ஸ்சி90 டி8 வாங்கினார். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மோட்டாரும் உண்டு, வீட்டு பிளக்கில் சொருகி சார்ஜும் போடலாம் (பிளக்-இன் ஹைபிரிட் என்பது இதைத்தான்), நாலு சக்கரமும் இழுக்கும். சாலக்குடி பக்கம் மழைக்காலத்தில் சரக்கு பார்க்கப் போகிறவருக்கு ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எங்களுக்கு பொள்ளாச்சி உடுமலை ரோட்டில் மோட்டார் வைண்டிங் பட்டறை. அப்பா ஆரம்பித்தது. டிப்ளமோ முடித்ததில் இருந்து நானும் அங்கேதான் இருக்கிறேன். மோட்டார் என்று வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்களிடம்தான் கேட்பார்கள். மாமாவுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். மலை ஏறி இறங்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது சமவெளியில் ஓட்டுகிறவர்களைவிட அதிகம் பயன்படும்.

முதலில் ஒன்று. மோட்டார் வேறு, ஜெனரேட்டர் வேறு என்று நினைப்பதை விட்டுவிட வேண்டும். இரண்டும் ஒரே மெஷின்தான். இதற்கு ஆதாரம் தேடி எங்கேயும் போக வேண்டாம், பல்லடத்தில் இருந்து உடுமலை வரைக்கும் ரோட்டோரம் நிற்கிற பழைய காத்தாடிகளே போதும். அவற்றில் நிறையவற்றின் தலைக்குள் இருப்பது சாதாரண இண்டக்‌ஷன் மெஷின், ரைஸ் மில்லில் ஓடுகிற மோட்டாரின் பெரிய அண்ணன். நாலு போல் (காந்த முனை) உள்ள மோட்டார் ஒன்றின் நேம் பிளேட்டைப் பாருங்கள், 1440 ஆர்பிஎம் என்று இருக்கும். நம் லைனில் வருவது 50 ஹெர்ட்ஸ். அந்தக் கணக்குக்கு உள்ளே காந்தப்புலம் சுற்றுவது 1500-ல். சுற்றுகிற பாகமான ரோட்டார் அதற்குக் கொஞ்சம் பின்னால் ஓடுகிறது. பின்தங்கி ஓடும்வரை அது கரண்டைத் தின்று வேலை செய்கிற மோட்டார். ஆடிக் காற்று வந்து இறக்கையைத் தள்ளி, அதே ரோட்டாரை 1500-க்கு மேலே ஒரு பத்து இருபது சுற்று கூட ஓடவிட்டால் அது கரண்டைத் திருப்பி லைனுக்கு அனுப்புகிறது. வயர் மாற்றவில்லை, காயில் மாற்றவில்லை. யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்பது மட்டும்தான் மாறியது. காற்று குறைந்து வேகம் 1500-க்குக் கீழே விழுந்தால் அதே மெஷின் லைனில் இருந்து கரண்ட் இழுத்து இறக்கையைச் சுற்ற ஆரம்பித்துவிடும், அதனால் கண்ட்ரோலர் அதை லைனில் இருந்து கழற்றிவிடும்.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் மோட்டார் செய்த காலத்தில் இருந்து இந்தப் பக்கம் மோட்டார் தெரியாத ஊர் கிடையாது. ஈரோடு வழியாகப் போகிற டபிள்யூஏபி-7 ரயில் இன்ஜினும் பிரேக் போடும்போது மேல் கம்பிக்குக் கரண்டைத் திருப்பிக் கொடுக்கிறது. அதனால் கார் செய்வது புதிய வித்தை இல்லை. பேட்டரியும், கரண்டைக் கட்டுப்படுத்துகிற எலெக்ட்ரானிக்ஸும் காருக்குள் அடங்குகிற அளவுக்கு இப்போது சிறிதாகிவிட்டன, அவ்வளவுதான்.

மாமாவுக்கு இதையெல்லாம் சொன்னபோது தலையாட்டினார், ஆனால் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போய், ரிப்பேருக்கு வந்திருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சக்கரம் ஒன்றை எடுத்து வந்து வைஸில் மாட்டினார். ஹப் மோட்டார். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும், அச்சில் இருந்து மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்த வயர்கள் வரும். "சுத்து மாப்ள" என்றார். மாமா சுற்றினார். சக்கரம் விறுவிறுவென்று ஓடி மெதுவாக நின்றது. அப்புறம் அப்பா மூன்று வயர் முனைகளையும் சுரண்டி ஒன்றாகச் சேர்த்து முறுக்கினார். "இப்பச் சுத்து." மாமா முதலில் சாதாரணமாகத் தள்ளினார், நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். சேற்றுக்குள் சுற்றுகிற மாதிரி கனமாக, மெதுவாக வந்தது. வேகமாகச் சுற்றப் பார்த்தால் இன்னும் கனம் கூடியது. வயரைப் பிரித்ததும் திரும்ப விறுவிறுவென்று ஓடியது. மாமா அதை மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கனம்தான் பிரேக். உள்ளே ரோட்டாரில் நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கிறது. அது சுற்றும்போது காயிலில் வோல்டேஜ் பிறக்கும். வயர் தனித்தனியாக இருந்தால் கரண்ட் போக வழி இல்லை, தடையும் இல்லை. வயரைச் சேர்த்ததும் கரண்ட் ஓடுகிறது. அப்படி ஓடுகிற கரண்ட் தன்னைப் பிறப்பித்த சுற்றையே எதிர்க்கும். 1834-ல் லென்ஸ் என்ற விஞ்ஞானி சொன்ன விதி இது. பட்டறையில் நாங்கள் வயரை ஷார்ட் செய்ததால் அந்தக் கரண்ட் காயிலைச் சூடாக்கி வீணாகிவிட்டது. காரில் அதை ஷார்ட் செய்யாமல் பேட்டரிக்குள் தள்ளுகிறார்கள்.

தள்ளுவது இன்வெர்ட்டரின் வேலை. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற இது, பேட்டரியின் டிசி கரண்டை மூன்று ஃபேஸ் ஏசியாக மாற்றி மோட்டாரை ஓட்டுகிறது. பிரேக் நேரத்தில் அதையே திருப்பிச் செய்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மெதுவாகப் போகும்போது மோட்டார் உண்டாக்குகிற வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜைவிடக் குறைவாகத்தான் இருக்கும். குறைந்த வோல்டேஜில் இருந்து கூடிய வோல்டேஜுக்குக் கரண்ட் தானாக ஏறாது. இன்வெர்ட்டரில் இருக்கும் ஸ்விட்சுகள் காயிலை ஒரு கணம் ஷார்ட் செய்து கரண்டை வளரவிட்டு, சட்டென்று வழியைத் திறந்துவிடும். காயில் தன்னிடம் ஓடுகிற கரண்டைச் சட்டென்று நிறுத்த விடாது. அந்த வேகத்தில் வோல்டேஜ் எகிறி பேட்டரிக்குள் போய்விடும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கிறது. இதற்கென்று தனியாக ஒரு சோக் காயில் வைக்க வேண்டியதில்லை, மோட்டாரின் காயிலே அந்த வேலையையும் பார்த்துக்கொள்கிறது. நாள் முழுக்க செம்புக் கம்பி சுற்றுகிற எனக்கு இதைப் படித்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சரி, இப்போது காலுக்கு வருவோம். ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்ததுமே கொஞ்சம் மீட்பு, அதாவது வண்டியின் ஓட்டத்தைக் கரண்டாக்கிப் பேட்டரிக்குத் திருப்புவது, தொடங்கிவிடும். மாமா வண்டியில் லிவரை B-க்கு (பார்க்கிங்குக்கான P இல்லை) மாற்றினால் அது கூடும். பிரேக் பெடலை மிதித்தால் உடனே பேட் போய் டிஸ்க்கைக் கடிப்பதில்லை. 'இவ்வளவு பிரேக் வேண்டும்' என்ற கணக்கு முதலில் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அதில் மோட்டார் எவ்வளவு தாங்கும், பேட்டரி எவ்வளவு வாங்கும் என்று பார்த்து அதை மோட்டாருக்குக் கொடுத்து, பாக்கியை மட்டும் டிஸ்க்குக்கு விடும். மிதிக்கிறவர் காலுக்கு இந்தப் பங்கீடு தெரியக்கூடாது என்பதற்குத்தான் நிறைய உழைத்திருக்கிறார்கள். வண்டி நிற்கப் போகும்போது, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, மோட்டாரால் மீட்க ஒன்றும் இருக்காது. அங்கே டிஸ்க்தான் பிடித்து நிறுத்தும். அந்த மாற்றத்தை சில வண்டிகளில் பாதம் உணரும், லேசாக ஒரு இழுப்பு மாதிரி.

எவ்வளவு தாங்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆட்களோடு 2500 கிலோ வண்டி, 60 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். பதமாக, புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு விசையில் பிரேக் போட்டால் முதல் நொடியில் 41 கிலோவாட் வருகிறது. எக்ஸ்சி90 டி8-ல் பின் சக்கரத்துக்கு இருக்கிற மோட்டார் 65 கிலோவாட். தாங்கும். குறுக்கே ஆடு வந்து அதைப்போல மூன்று மடங்கு அழுத்தி மிதித்தால் 120 கிலோவாட்டுக்கு மேல் போய்விடும். பாதி டிஸ்க்கில் சூடாகப் போவதைத் தவிர வழியே இல்லை. அதிலும் பிளக்-இன் ஹைபிரிட்டின் பேட்டரி சின்னது. மாமா வண்டியில் பத்து யூனிட் சொச்சம். முழு எலெக்ட்ரிக் கார் பேட்டரி அதைப்போல நாலைந்து மடங்கு இருக்கும், அதனால் வருகிற கரண்டைச் சுலபமாக வாங்கிக்கொள்ளும். சின்ன பேட்டரிக்கு ஒரே நேரத்தில் நிறையத் திணிக்க முடியாது. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே காலை எடுத்து, நீளமாக, மெதுவாக பிரேக் போட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி ஃபோர் வீல் டிரைவ். இங்கேதான் ஷோரூம் பேச்சில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற பிளக்-இன் ஹைபிரிட் என்று போர்டில் இருந்தாலும் உள்ளே மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மீட்பின் குணமே மாறுகிறது.

மாமா வண்டியில் இன்ஜின் முன் சக்கரத்தை மட்டும் சுற்றும். பின் சக்கரத்தை மோட்டார் மட்டும் சுற்றும். முன்னிருந்து பின்னுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொபெல்லர் ஷாஃப்ட் நடுவில் கிடையாது. அது ஓட வேண்டிய இடத்தில் பேட்டரியைப் படுக்க வைத்திருக்கிறார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற ஒரே தொடர்பு கீழே இருக்கிற ரோடுதான். இன்ஜினோடு ஒட்டி ஒரு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் இருக்கிறது. பேட்டரி இறங்கினாலும் பின் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து நாலு சக்கர இழுவையைக் காப்பாற்றுவது அது. ஆனால் பிரேக்கில் வருகிற பெரும்பங்கு மீட்பு பின் சக்கரம் வழியாகத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு கீழே குத்தும், பாரம் முன்னால் சாயும். இறக்கத்தில் அந்தச் சாய்வு ஏற்கெனவே இருக்கிறது. முன் டயர்கள் ரோட்டை நன்றாக அமுக்கிப் பிடிக்கும், பின் டயர்கள் லேசாகிவிடும். லேசாக இருக்கிற டயரில் பலமான பிரேக் கொடுத்தால் வழுக்கும், வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். அட்டகட்டிக்கு மேலே ஜூன், ஜூலையில் ரோட்டில் ஈர இலை கிடக்கும்போது ஓட்டியவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். அதனால் பின் மோட்டார் மட்டும் மீட்கிற வண்டியில் கம்ப்யூட்டர் பின் பக்கத்துக்குத் தருகிற பங்கைக் கட்டுப்படுத்தியே வைத்திருக்கும். சக்கரம் வழுக்குவது போலத் தெரிந்த கணமே மீட்பை அறுத்துவிட்டு, டிஸ்க்கையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ்ஸையும் கையில் எடுத்துக்கொள்ளும். மோட்டாரின் விசையை அறுப்பது ஆயில் பிரஷரைக் குறைப்பதைவிட வேகமாக நடக்கும் என்பது ஒரு பெரிய நல்ல விஷயம். இறக்கத்தில், மழையில், பிரேக் மிதித்திருக்கும்போது மீட்பு சட்டென்று விட்டுப் போனது மாதிரித் தெரிந்தால் வண்டி உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலை எடுக்காமல் அப்படியே மிதித்திருங்கள்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மோட்டார் வைத்த வண்டிகளுக்கு இந்தக் கட்டு தளர்வு. ஜப்பானில் 2013-ல் விற்பனைக்கு வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிஎச்இவி அப்படித்தான், இரண்டு பக்கமும் 60 கிலோவாட். பாரம் எங்கே அதிகமோ அங்கே அதிகமாகப் பிடிக்கலாம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு காது மாதிரி பேடில் வைத்து, பி0-வில் இருந்து பி5 வரைக்கும் மீட்பின் பலத்தை விரலாலேயே கூட்டிக் குறைக்கிற வசதியும் அதில் உண்டு. பி0-வில் வண்டி நியூட்ரலில் உருள்வது போல உருளும். பி5-ல் காலை எடுத்தாலே இழுத்துப் பிடிக்கும். டொயோட்டா ராவ்4 பிரைமில் முன் மோட்டார் 134 கிலோவாட், பின் மோட்டார் 40. பிரேக்கின் இயல்புக்கு அது பொருத்தமான பங்கீடு என்பது என் அபிப்பிராயம். வால்பாறை ரோட்டுக்கு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முன்னாலும் மோட்டார் இருக்கிற வண்டியைத்தான் தேர்ந்தெடுப்பேன். மாமாவிடமும் இதைச் சொன்னேன். "வாங்கினதுக்கு அப்பறம் சொல்றியே சாமி" என்றார்.

மூன்றாவது வகையில் மோட்டார் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். ரேஞ்ச் ரோவர் பி400இ அப்படி. 85 கிலோவாட் மோட்டார், அதில் இருந்து கியர், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்ட் என்று பழைய ஜீப் மாதிரியே நாலு சக்கரத்துக்கும் இரும்பிலேயே தொடர்பு. மீட்பு நாலு டயரிலும் பரவுவதால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் சக்கரத்தில் இருந்து மோட்டாருக்குப் போய்ச் சேர்வதற்குள் அத்தனை பல் சக்கரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்து போகும்.

இப்போது மாமாவின் கேள்விக்கான கணக்கு. கரண்ட் பில் பார்க்கிற எல்லாருக்கும் யூனிட் தெரியும், அதிலேயே போடுகிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற 2500 கிலோ வண்டியை நிறுத்தினால் அதில் இருக்கிற சக்தி மொத்தமே 0.043 யூனிட். காந்திபுரம் டிராஃபிக்கில் இருபத்து மூன்று தடவை நின்றால்தான் ஒரு யூனிட், அதுவும் நஷ்டத்தைக் கழிக்காமல். மலை வேறு. கவர்க்கல் மூடுபனியைத் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வருவதற்கு 700 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். 2500 கிலோ வண்டி 700 மீட்டர் இறங்கினால் 4.8 யூனிட். அந்த இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் டயர் உருள்வதற்கே 1.6 யூனிட் போய்விடும். மெதுவாக இறங்குவதால் காற்றுத் தடையை விட்டுவிடலாம். மீதி மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. டயரில் இருந்து கியர், மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் கடந்து பேட்டரிக்குள் உட்காரும்போது நூற்றுக்கு எழுபது தேறும் என்று எடுத்தால் 2.2 யூனிட். பத்து யூனிட் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு. மாமா மீட்டரில் பார்த்ததும் ஏறத்தாழ இந்த அளவுதான்.

மலையில் இவ்வளவு நன்றாக மீட்பு கிடைப்பதற்கு உயரம் மட்டும் காரணம் இல்லை. சரிவு கூடுதலான இடங்களில், நூற்றுக்கு ஏழு சரிவில்கூட, 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் பிடித்து வைக்க வேண்டியது 12 கிலோவாட் மட்டும். மோட்டாருக்கு அது ஒரு பாரமே இல்லை, பேட்டரிக்கும் அது பதமான சாப்பாடு. பின் டயர் வழுக்குகிற அளவுக்கு விசையும் இல்லை. இறங்கி முடிக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வளைவுக்கு வளைவு வேகமாகப் பாய்ந்து வந்து முக்கில் அழுத்திப் பிடிக்கிறவருக்கு இதில் பாதி கிடைத்தால் பெரிது.

மாமா இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஏறி இறங்கினால் பெட்ரோலே வேண்டாமா என்று கேட்டார். இல்லைங்க மாமா. ஏறுவதற்கு இதே மலை அந்த 4.8 யூனிட்டையும், டயர் 1.6-ஐயும் கேட்கும். மோட்டார் நஷ்டம் சேர்த்து ஏழரைக்கு வந்துவிடும். திரும்பி வருவது 2.2. கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இலவசமாக எதுவும் வரவில்லை. இல்லையென்றால் பிரேக் டிஸ்க்கில் வெந்து போயிருக்கக்கூடிய சக்தி அது. ஒன்றரை கிலோவாட் வாட்டர் ஹீட்டரை இரண்டு மணி நேரம் போட்டால் எவ்வளவு சூடோ அவ்வளவும் சாதாரண வண்டியின் டிஸ்க்கிலும் இன்ஜினிலும் போகிறது. மலை ரோட்டில் இரண்டாவது கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்தச் சூட்டில் முடிந்தவரை இன்ஜினிடம் தள்ளிவிடத்தான்.

இனிமேல் எழுதுவதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியம், தயவுசெய்து கவனியுங்கள். போன தைப்பொங்கலுக்கு அப்புறம் மாமா வால்பாறையில் சித்தப்பா வீட்டில் தங்கினார். ராத்திரி 15 ஆம்பியர் பிளக்கில் வண்டியைச் சொருகிவிட்டுத் தூங்கினார். விடிந்தபோது பேட்டரி ததும்ப நிறைந்திருந்தது. பெருமையாக, கரண்டிலேயே ஓட்டுகிற மோடில் போட்டு, லிவரைச் சாதாரண D-யிலேயே வைத்து இறங்கினார். ஏறி இறங்கிக் கவர்க்கல் வரை கொஞ்சம் செலவானது. இறக்கத்தில் பாதியிலேயே திரும்ப நிறைந்துவிட்டது. அப்புறம் மோட்டார் பிடித்து வைக்க மறுத்தது. 9-வது வளைவில், லோம்ஸ் வியூவில் வரையாடு பார்க்க நிறுத்தியபோதே லேசான வாடை. குரங்கு அருவிப் பக்கம் வந்தபோது சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை, அத்தனை சூடு. பிரேக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது என்பதைத் தவிர அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை. கரண்ட் போக இடம் இல்லை என்றால் காயிலில் கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடாவிட்டால் தடை இல்லை. பட்டறையில் வயரைப் பிரித்ததும் சக்கரம் விறுவிறுவென்று ஓடியதே, அதேதான். 2500 கிலோ முழுக்கவும் டிஸ்க்கின் தலையில்.

பிளக்-இன் ஹைபிரிட்டில் இதற்கு மருந்து வண்டியிலேயே இருக்கிறது. முழு எலெக்ட்ரிக்குக்கு இல்லாத இன்ஜின் இதற்கு உண்டு. லிவரை B-க்கு மாற்றி இறங்கினால் இன்ஜினும் பிடித்துக்கொடுக்கும். டொயோட்டா ஹைபிரிட்டுகள் பேட்டரி நிறைந்துவிட்டால் மிஞ்சிய கரண்டில் பெட்ரோல் ஊற்றாமலேயே இன்ஜினைச் சுழற்றி அதைச் செலவழிக்கும். இறக்கத்தில் இன்ஜின் திடீரென்று இரைந்தால் பயப்பட வேண்டாம், அது வேலை செய்கிறது. ஆனாலும் நல்ல வழி, மலை மேலே முக்கால்வாசியோடு சார்ஜை நிறுத்துவதுதான். பிளக்கில் டைமர் வைத்தால் போதும். கீழே இருந்து ஏறும்போது பேட்டரியை மிச்சம் பிடித்து வைக்கிற ஹோல்டு பட்டனையும் போடாதீர்கள். ஏற்றத்தில் கரண்டைச் செலவழித்துக் காலி செய்துகொண்டு போங்கள், வருகிற வழியில் மலை தன் பங்கைத் தரும். பண்ணாரியில் இருந்து திம்பம் ஏறுகிற 27 வளைவுக்கும், மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கும் இதே கணக்குதான்.

மீட்பு நன்றாக நடக்கிற வண்டியில் பேட் வருஷக் கணக்கில் தேயாது. அதிலும் ஒரு கவனம் வேண்டும். டிஸ்க் சும்மாவே இருந்தால் மழைக்காலத்தில் துரு ஏறும், பின் பக்க டிஸ்க் குறிப்பாக. வாரம் ஒரு தடவை, பின்னால் வண்டி இல்லாத நேராக் கிடக்கிற ரோட்டில், கொஞ்சம் அழுத்தமாகவே பிரேக் போட்டு அதைச் சுரண்டிவிடுவது நல்லது. பின்னால் வருகிற வண்டியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. காலை எடுத்து மீட்பிலேயே வேகம் குறைக்கும்போது எப்போதும் பிரேக் லைட் எரியும் என்று எண்ணக்கூடாது. ஐ.நா. வாகன விதிப்படி வேகக் குறைவு நொடிக்கு நொடி 1.3 மீட்டரைத் தாண்டினால்தான் லைட் எரிந்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே கம்பெனியின் விருப்பம், இன்னும் மெதுவாகக் குறைந்தால் எரியவே எரியாது. வளைவுகளில் பின்னால் பஸ் ஒட்டி வருகிறது என்றால் பெடலை லேசாகத் தொட்டு வையுங்கள்.

பேட் தேயவில்லை என்பதற்காக பிரேக் ஆயிலை மறந்துவிடவும் கூடாது. அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரிவரைதான் தாங்கும் என்று கணக்கு. கொதித்தால் குமிழி வரும், பெடல் தொப்பென்று உள்ளே போய்விடும். மீட்பு கைவிடுகிற அன்றைக்குத்தான் அந்த ஆயில் முழு பாரத்தையும் சுமக்க வேண்டியிருக்கும். மாமா வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் பதிவு இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் போகும்போது அதை மாற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், அதுவரை வால்பாறைப் பக்கம் போக வேண்டாம் என்றும்.